ராஜாவுக்கு ஒரு குதிரைப் பாய்ச்சல்

எங்க ஊர் சதுரங்கத்துல ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரி பாயலாம். அதுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. அதுவரைக்கும் அவர் 'செக்' வாங்கியிருக்கக் கூடாது. ஒரு தடவை செக் வாங்கிட்டார்னா அந்த வரம் போச்சு. அப்புறம் கடைசி வரைக்கும் ஒவ்வொரு கட்டமா நடந்தே காலம் தள்ள வேண்டியதுதான்.

ஊர்னு சொன்னது முக்கூடல். 'ஓ, முக்கூடற்பள்ளு!' என்று கண்ணை விரிக்கிற தமிழார்வலர்கள் மன்னிக்கணும். பள்ளுக்குச் சொந்தமான முக்கூடல் ஆறு ஓடுற திசையில எங்களுக்குக் கீழே, சீவலப்பேரி பக்கம். எங்க முக்கூடல் அதுக்கு மேற்கே, தாமிரபரணியின் வடகரையில், முத்துமாலை அம்மன் கோயிலும் பீடியுமாக இருக்கிற ஊர். சொக்கலால் ராம்சேட் பீடின்னா பழைய ஆட்களுக்கு உடனே தெரியும்.

எனக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தது சித்தப்பா. பீடிக்கடையில கணக்கு எழுதிக்கிட்டு இருந்தார். சாயங்காலம் கடை முடிஞ்சு வந்ததும் திண்ணையில அட்டையை விரிப்பார். பக்கத்துல சித்தி சுளவை மடியில வச்சு பீடி சுத்திக்கிட்டு இருப்பாங்க. காணாமப் போன ஒரு யானைக்குப் பதிலா சித்தியோட நூல்கண்டு நிக்கும். ஆட்டம் மும்முரமா போகும்போது சித்தி அதை எடுத்துட்டாங்கன்னா, "ஏட்டி, என் யானைய வைடி" என்று சித்தப்பா கத்துவார்.

ராஜா பாய்ச்சல் மட்டுமில்லை, எங்க ஆட்டத்துல இன்னும் சில விசேஷங்கள் உண்டு. சிப்பாய் எப்பவும் ஒரு கட்டம்தான் நகரும். ஆனா ஆட்டம் ஆரம்பிக்கும்போது மட்டும் ரெண்டு சிப்பாயை ஆளுக்கு ஒரு கட்டம் சேர்த்து நகர்த்திக்கலாம். சிப்பாய் அந்தக் கடைசிக்குப் போயிட்டா இஷ்டத்துக்கு ராணி கேக்க முடியாது. யானை வரிசையில போன சிப்பாய் யானையாகும், குதிரை வரிசையில போனது குதிரையாகும். அதுவும் அந்தக் காய் ஏற்கெனவே வெட்டுப்பட்டிருந்தாத்தான். 'உள்ள ஆளு உசிரோட இருக்கும்போது அந்த நாக்காலிய எப்படிலே இன்னொருத்தனுக்குக் குடுப்ப?' என்பது சித்தப்பாவின் நியாயம். இன்னைக்கும் எனக்கு அது நல்ல நியாயமாத்தான் படுது.

1986. நான் எட்டாங்கிளாஸ். பாளையங்கோட்டையில ஒரு பள்ளிக்கூடத்துல போட்டி நடக்குதுன்னு தெரிஞ்சு, சித்தப்பாவே பஸ்ஸுக்குக் காசு குடுத்து அனுப்பினார். தெருவுல என்னை ஜெயிக்க ஆள் கிடையாது, அந்தத் திமிர் வேற. முதல் ரவுண்டு. எதிர்ல கண்ணாடி போட்ட ஒரு பொடியன். பத்து நகர்த்தல்கூட ஆகியிருக்காது, அவன் ராஜாவை ரெண்டு கட்டம் தள்ளி, யானையைத் தூக்கி இந்தப் பக்கம் வச்சான். நான் கையைத் தூக்கிட்டேன். "சார், இவன் ஒரே தடவையில ரெண்டு காய நகத்துதான் சார்!"

நடுவர் வந்து பார்த்துட்டு, "கேஸ்லிங் தெரியாதா தம்பி?" என்றார்.

தெரியாது. சரி, இவங்க ஊர்ல இப்படிப் போலன்னு நெனச்சுக்கிட்டு, கொஞ்ச நேரத்துல நான் என் ராஜாவை எடுத்துக் குதிரைப் பாய்ச்சல் பாய வச்சேன். இப்ப அவன் கையைத் தூக்கினான். நடுவர் மறுபடியும் வந்தார். "இது என்ன?" "பாய்ச்சல் சார்." சுத்தி நின்ன பையன்கள் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. தொட்ட காயை நகர்த்தியே ஆகணும்னு விதியாம். ராஜாவுக்கு இருந்தது ஒரே ஒரு கட்டம். அங்கே போய் நின்னார். ரெண்டாவது நகர்த்தல்ல ஆட்டம் முடிஞ்சுது.

வீட்டுக்கு வந்து சொன்னப்போ சித்தப்பாவுக்கு முகம் சிவந்துட்டுது. "ஒன்ன ஏமாத்திப்புட்டானுவலே" என்றார். பெட்டிஷன் எழுதப்போறேன்னு குதிச்சார். எழுதலை. ஆனா அன்னைக்கு அவர் கேட்ட ஒரு கேள்வி எனக்குள்ள தங்கிப் போச்சு. "நம்ம ஆட்டத்த எவம்லே மாத்துனது?"

அந்தக் கேள்விக்கு ஒரு பதில் கிடைக்க எனக்கு ரொம்ப வருஷம் ஆச்சு. ஒரே ஆள் மாத்தலை, உண்மைதான். ஆனாலும் யாராவது ஒருத்தர் பேரைச் சொல்லியே ஆகணும்னா மானுவல் ஆரோன் பேரைத்தான் சொல்லணும். இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர். ஆனந்துக்கு முந்தி யாருய்யா இருந்தான்னு அசால்ட்டா கேக்கிறவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு விஷயம். சித்தப்பாவின் ஆட்டம் திண்ணையில உக்காந்து யாரோ கற்பனை பண்ணினது இல்லை. மர்ரே என்கிற ஆங்கிலேயர் 1913-ல் சதுரங்க வரலாறு பற்றி ஒரு பெரிய புத்தகம் போட்டார். அதுல இந்தியாவில் வழங்கின ஆட்ட வகைகளை வரிசையா எழுதியிருக்கார். ராஜாவின் பாய்ச்சல் அதுல இருக்கு. ஒற்றைக் கட்டம் நகரும் சிப்பாய் இருக்கு. வரிசைக்கு ஏத்த பதவி உயர்வு இருக்கு. அதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறி அந்த நடுவரைத் தேடிப் போகணும்போல இருந்தது :-)

இந்த விதிகளில் வளர்ந்த ஒருத்தர் உலகத்தையே மிரட்டியிருக்கார். மீர் சுல்தான் கான். பஞ்சாபுக்காரர். சர் உமர் ஹயாத் கான் என்கிற ஜமீன்தாரின் ஆளாக 1929-ல் லண்டன் போனார். போன வருஷமே பிரிட்டிஷ் சாம்பியன். 1932, 1933-லும் அவரேதான். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் காபபிளாங்காவையே தோற்கடிச்சார். முதலாளி ஊருக்குத் திரும்பினார், இவரும் கூடவே திரும்பினார், அதோட சரி. 1950-ல் ஃபிடே முதன்முதலா 27 பேருக்கு கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தப்போ இவர் பேர் அதுல இல்லை. 1966-ல் செத்துப்போனார். 2024-ல் ஃபிடே அவருக்கு கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது. செத்து 58 வருஷம் கழிச்சு!

சுல்தான் கானைப் பத்தி எழுதுறவங்க எல்லாரும் ஒண்ணு சொல்வாங்க. ஆட்டத்தின் தொடக்கத்தில் தடுமாறுவார், கடைசிக்கட்டத்தில் அசுரன். இதுல ஆச்சரியமே இல்லை. சிப்பாய் ஒத்தைக் கட்டம் நகருற ஆட்டத்துல ரெண்டு படையும் மோதிக்கவே ரொம்ப நேரம் ஆகும். அதுவரைக்கும் அவனவன் தன் இஷ்டத்துக்குக் காயை அடுக்கிக்கலாம். தொடக்கம் தப்பானாலும் தண்டனை கிடையாது. உலக ஆட்டத்தில் சிப்பாய் ரெண்டு கட்டம் பாயும். நாலாவது நகர்த்தலிலேயே கழுத்துல கத்தி. அதனால அவங்க தொடக்கத்தை நூத்துக்கணக்கான வருஷமா எழுதி, அச்சடிச்சு, மனப்பாடம் பண்ணி வச்சிருந்தாங்க. நாம திண்ணையில உக்காந்திருந்தோம். பாளையங்கோட்டையில எனக்கும் அந்தக் கண்ணாடிப் பொடியனுக்கும் இருந்த வித்தியாசமும் அதேதான். அவன் ஏதோ புத்தகம் படிச்சிருந்தான்.

சரி, ஆரோனுக்கு வருவோம்.

1935 டிசம்பர் 30-ல் பர்மாவில் டவுங்கூ என்ற ஊரில் பிறந்தார். நம்ம ஜில்லாக்காரங்களுக்கு பர்மா ஒண்ணும் தூரதேசம் இல்லை. ரங்கூன், கொழும்புன்னு பொழைக்கப் போன குடும்பம் தெருவுக்கு ஒண்ணாவது இருக்கும். ஆரோன் வளர்ந்ததும் பள்ளிக்கூடம் போனதும் தமிழ்நாட்டில். பி.எஸ்ஸி. படிச்சது அலகாபாத் பல்கலைக்கழகத்தில்.

அவர் வாலிபரா இருந்தப்போ இந்தியச் சதுரங்கம் எப்படி இருந்ததுன்னு பாருங்க. அகில இந்திய சதுரங்க சம்மேளனம் 1951-ல்தான் ஆரம்பிச்சாங்க. முதல் தேசிய சாம்பியன்ஷிப் 1955-ல், ஆந்திராவில் ஏலூரில். ஒலிம்பியாடுக்கு இந்தியா முதல் தடவை போனது 1956-ல், மாஸ்கோவுக்கு. அறுபதுகள் வரைக்கும் நாட்டின் பல மூலைகளில் ஜனங்க ஆடினது அவங்கவங்க ஊர் விதிதான். (எண்பதுகளில் முக்கூடலில் ஆடிக்கிட்டிருந்த எங்களை யாரும் கணக்குல சேக்கலை போல.) ஒரு ஊர்க்காரன் இன்னொரு ஊர்க்காரனோட ஆடணும்னா முதல்ல விதியைப் பேசித் தீர்க்கணும்.

இந்தச் சூழ்நிலையில் ஆரோன் 1959-ல் தேசிய சாம்பியன் ஆனார். 1981 வரைக்குமான காலத்தில் மொத்தம் ஒன்பது தடவை. அதுல 1969-லிருந்து 1973 வரை தொடர்ந்து அஞ்சு. தமிழ்நாடு சாம்பியன் பட்டம் 1957-க்கும் 1982-க்கும் நடுவில் பதினோரு தடவை. ஒரு மனுஷன் கால் நூற்றாண்டு தன் மாநிலத்தில் அசையாம நின்னிருக்கார்.

உலக சாம்பியன் போட்டிக்கான படிக்கட்டில் மேற்கு ஆசிய மண்டலத்தில் மங்கோலியாவின் மோமோவை 3-1 என்று ஜெயிச்சார். அடுத்து ஆஸ்திரேலியாவின் சி.ஜே.எஸ். பர்டி. அவர் சாதாரண ஆள் இல்லை. தபால் வழிச் சதுரங்கத்தில் முதல் உலக சாம்பியன், அருமையான புத்தகங்கள் எழுதினவர். அவரை 3-0. இந்த வெற்றிகளால்தான் 1961-ல் ஆரோனுக்கு இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டம் வந்தது. அர்ஜுனா விருதுகள் தொடங்கின அதே வருஷம், சதுரங்கத்துக்கான முதல் அர்ஜுனாவும் அவருக்கே.

அதோட பரிசா இன்னொண்ணும் கிடைச்சுது. ஸ்டாக்ஹோம் போற உரிமை.

இந்த இடத்துல கொஞ்சம் நிதானமா சொல்லணும். 1962-ல் ஸ்டாக்ஹோமில் நடந்தது இன்டர்ஸோனல் போட்டி. ஒவ்வொரு மண்டலத்திலும் ஜெயிச்சவங்க வந்து மோதுற இடம். 23 பேர். எல்லாரும் எல்லாரோடும் ஆடணும், அதாவது ஆளுக்கு 22 ஆட்டம். ஜனவரி கடைசியில் ஆரம்பிச்சு மார்ச் முதல் வாரம் வரைக்கும், சுவீடனின் குளிரில். பட்டியலில் யார் யார் தெரியுமா? பாபி ஃபிஷர், அப்போ அவருக்கு வயசு 18. பெட்ரோசியன், அடுத்த வருஷம் உலக சாம்பியன் ஆனவர். கெல்லர். கோர்ச்நாய். கிளிகோரிச். ஒவ்வொருத்தனுக்கும் பின்னால ஒரு நாடு, ஒரு பள்ளி, தொடக்கங்களை ஆராய்ஞ்சு கொடுக்க ஆளுங்க. இந்தப் பக்கம், ராஜா பாயலாமா கூடாதான்னு இன்னும் திண்ணையில தகராறு நடக்கிற ஒரு தேசத்திலிருந்து ஒருத்தர்.

ஃபிஷர் ஒரு ஆட்டம்கூட தோக்காம முதலிடம் வந்தார். ஆரோன் கடைசி இடம். 23-க்கு 23.

ஆனா நடுவுல ரெண்டு ஆட்டம் இருக்கு. கிழக்கு ஜெர்மனியின் உல்மானை ஜெயிச்சார். ஹங்கேரியின் போர்ட்டிஷை ஜெயிச்சார். ரெண்டு பேருமே கிராண்ட்மாஸ்டர்கள். போர்ட்டிஷ் பின்னாளில் உலக சாம்பியன் பட்டத்துக்கான கேண்டிடேட்ஸ் கட்டத்துக்கு எட்டு தடவை போன ஆள். அந்த வருஷம் மட்டும் ஸ்டாக்ஹோமிலிருந்து போர்ட்டிஷும் போகலை, உல்மானும் போகலை. இந்தியாக்காரனோட ஆட்டம்னா ஒரு பாயிண்ட் நிச்சயம்னு ரெண்டு பேரும் எழுதி வச்சிருந்திருப்பாங்க. பட்டியலில் கடைசி ஆளிடம் தோக்கிறது எவ்வளவு வலிக்கும்னு எனக்குத் தெரியும், முதல் ரவுண்டுல தோத்தவன் சொல்றேன்.

கடைசி இடம்ங்கிறதை மட்டும் எடுத்துக்கிட்டு அவரைக் குறைச்சுப் பேசினவங்களும் உண்டு, ரெண்டு வெற்றியை மட்டும் எடுத்துக்கிட்டு ஆஹா ஓஹோன்னவங்களும் உண்டு. எனக்கு ரெண்டும் சேர்ந்துதான் ஆரோன். நல்ல நாளில் உலகத்தின் முதல் இருபது பேரில் ஒருத்தனைச் சாய்க்கிற திறமை இருந்தது. 22 நாளும் அதைத் தாக்குப்பிடிக்கிற தயாரிப்பு இல்லை. தயாரிப்பு ஒரு தனி மனுஷனால முடியற காரியம் இல்லை.

அதுக்கப்புறம் ஏன் கிராண்ட்மாஸ்டர் ஆகலை? இளசுகள் சர்வசாதாரணமா கேக்கிற கேள்வி இது. இன்னைய விதியை வச்சே பார்ப்போம். மூணு 'நார்ம்' வேணும். ஒவ்வொண்ணுக்கும் சாதாரணமா ஒன்பது ஆட்டம், அதுல மூணு பேராவது கிராண்ட்மாஸ்டர், வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் குறிப்பிட்ட அளவு, 2600 தரத்துக்கு ஆடியிருக்கணும். அதுக்கு மேல ரேட்டிங் 2500-ஐ ஒரு தடவையாவது தொட்டிருக்கணும். அறுபதுகளில் விதிகள் வேற மாதிரி. ஆனா அடிப்படை ஒண்ணுதான்: பட்டம் வாங்கணும்னா பட்டம் உள்ளவங்களோட ஆடணும். அவங்க இருக்கிறது ஐரோப்பாவில். நீங்க இருக்கிறது மெட்ராஸில். பிளேன் டிக்கெட் யார் தருவா? அந்நியச் செலாவணிக்கு அனுமதி யார் தருவா? உள்ளூரிலோ எதிர்ல உக்கார இன்னொரு மாஸ்டரே கிடையாது. 1961-லிருந்து 1978 வரை, பதினேழு வருஷம், இந்தியாவில் ஒரே ஒரு இன்டர்நேஷனல் மாஸ்டர்தான். ஊர்ல ஒரே ஒரு பயில்வான் இருந்தா அவன் யாரோட குஸ்தி போட்டு வளர்றது? 1978-ல் பரமக்குடிக்காரர் வி. ரவிகுமார் ஆசிய ஜூனியர் பட்டம் ஜெயிச்சு இரண்டாவது ஐ.எம். ஆனார். ஆரோனுக்கு அப்போ 42 வயசு.

சதுரங்கத்தை வச்சு சோறு திங்கிறது பத்தி பேசவே வேண்டாம். 1980-ல் மால்டா ஒலிம்பியாடில் தனிநபர் வெள்ளி வாங்கினார் போபாலைச் சேர்ந்த முகமது ரபீக் கான். இந்தியாவுக்கு அது முதல் பதக்கம். அவர் தொழில் தச்சு வேலை. பதக்கம் வாங்கறவன் நிலைமையே அதுன்னா மத்தவங்களைச் சொல்லணுமா.

ஆரோன் ஒலிம்பியாடில் மூணு தடவை இந்தியாவுக்காக ஆடியிருக்கார், 1960 லைப்சிக், 1962 வர்ணா, 1964 டெல் அவிவ். அதைவிட எனக்கு முக்கியமா படுறது அவர் ஊர்ல செஞ்ச வேலை. ஸ்டாக்ஹோமில் அடிவாங்கின ஆளுக்கு வியாதி என்னன்னு தெரிஞ்சுபோச்சு. போற இடமெல்லாம் ஒரே பல்லவி: உலக விதியில ஆடுங்க, தொடக்கங்களைப் படிங்க, புத்தகம் வாங்குங்க, குழுவாச் சேர்ந்து ஆடுங்க. 1972-ல் மெட்ராஸில் சோவியத் கலாசார மையத்தில் மிகயில் தால் பெயரில் ஒரு செஸ் கிளப் தொடங்கினதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஃபிஷரும் ஸ்பாஸ்கியும் ஐஸ்லாந்தில் மோதின வருஷம், ஊரெல்லாம் சதுரங்கப் பேச்சு, அப்போ போய் கதவைத் திறந்து வச்சிருக்காங்க. ரஷ்யாக்காரங்ககிட்ட புத்தகத்துக்குப் பஞ்சமா? (நியூ செஞ்சுரி கண்காட்சி திருநெல்வேலிக்கு வரும்போது நான் வாங்கின முதல் செஸ் புத்தகமும் ரஷ்யப் புத்தகம்தான். கெட்டி அட்டை, கொள்ளை மலிவு, பாதி புரியலை.) 1983-ல் 'செஸ் மேட்' என்று ஒரு மாதப் பத்திரிகையும் ஆரம்பிச்சார்.

அந்த தால் கிளப்புக்கு வந்து போன பொடியன்களில் ஒருத்தன்தான் மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்த். ஆட்டம் சொல்லிக்கொடுத்தது அம்மா சுசீலா, ஆறு வயசில். கிளப்பில் பிளிட்ஸ் ஆட்டம், ஜெயிச்சவன் நாற்காலியில இருக்கலாம், தோத்தவன் எழுந்து வரிசையில போய் நிக்கணும். ஆனந்தின் வேகம் எங்கேயிருந்து வந்ததுன்னு கேட்டா அந்த நாற்காலியிலிருந்துதான் வந்ததுன்னு நான் சொல்வேன். நடுவுல அப்பாவின் வேலைக்காக மணிலாவில் கொஞ்ச காலம். 1983-ல் தேசிய சப்-ஜூனியரில் ஒன்பதுக்கு ஒன்பது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தேசிய அணிப் போட்டியில் இந்தச் சிறுவன் ஆரோனையே தோற்கடிச்சான். ஆரோன் அப்போ ஐம்பதை நெருங்கிக்கிட்டு இருந்தார். நாம கட்டின கிளப்பிலிருந்து, நாம சொன்ன மாதிரியே படிச்சிட்டு வந்த பிள்ளை எதிர்ல உக்காந்து, யோசிக்கக்கூட நேரம் எடுக்காம, நம்மளை ஜெயிச்சுட்டுப் போனா மனசு என்ன நெனைக்கும்? எனக்குத் தெரியலை. நானா இருந்தா அன்னைக்கு ராத்திரி சாப்பிட்டிருக்க மாட்டேன்.

அதுக்கப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான், வேகமா ஓட்டிடறேன். 1986-ல் 16 வயசில் தேசிய சாம்பியன். (அதே வருஷம் 13 வயசில் பாளையங்கோட்டையில் ஒருத்தன் என்ன பண்ணினான்னு மேலே படிச்சீங்க.) 1987-ல் உலக ஜூனியர் சாம்பியன். அந்த டிசம்பரில் கோயம்புத்தூரில் சக்தி ஃபைனான்ஸ் போட்டியில் கடைசி நார்ம், 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். ஆரோன் ஐ.எம். ஆகி 27 வருஷம் கழிச்சு. அந்தக் கடைசி நார்மை வெளிநாடு போகாம கோயம்புத்தூர்லயே வாங்க முடிஞ்சுதுங்கிறதை யாரும் பெருசா சொல்றதில்லை. என்னைக் கேட்டா, மொத்தக் கதையும் அதுலதான் இருக்கு.

ஆனந்துக்கும் பாதை ஒண்ணும் மெத்தை போட்டு இல்லை. தொழில்முறை ஆட்டக்காரனா இருக்கணும்னா போட்டிகள் நடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கணும். அதனால ஸ்பெயினில் மாட்ரிட் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் வீடு வச்சுக்கிட்டு பல வருஷம் அங்கேயே இருந்தார். 2000-ல் உலக சாம்பியன். மறுபடியும் 2007-ல். அதை 2008-லும் 2010-லும் 2012-லும் காப்பாத்திக்கிட்டு, 2013-ல் சென்னையிலேயே கார்ல்சனிடம் இழந்தார். இந்தியாவின் இரண்டாவது கிராண்ட்மாஸ்டர் திப்யேந்து பருவா, 1991. மூன்றாவது பிரவீண் திப்சே, 1997. பத்து வருஷத்தில் மூணே பேர். அப்புறம்தான் மடை உடைஞ்சுது. இப்போ நாட்டில் கிராண்ட்மாஸ்டர்கள் எண்பதைத் தாண்டியாச்சு, தமிழ்நாட்டில் மட்டும் முப்பதுக்கு மேல். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனப்போ அவருக்கு வயசு 18. ஸ்டாக்ஹோமில் ஃபிஷருக்கு இருந்த அதே வயசு.

குகேஷ் ஜெயிச்ச அன்னைக்கு டிவி முன்னால உக்காந்திருந்தப்போ எனக்கு என்னவோ அந்த 23-வது இடம்தான் ஞாபகம் வந்தது.

ஆரோன் மேல எனக்கு ரொம்ப நாள் ஒரு கோபம் இருந்தது என்பதையும் சொல்லிடறேன். எங்க ஆட்டத்தை அழிச்சவர்னு. உலகத்தோட போட்டி போடணும்னா உலகத்தின் விதியில ஆடித்தான் ஆகணும், அது புரியுது. ஆனா அதுக்காக திண்ணை ஆட்டத்தை யாராவது எழுதியாவது வச்சிருக்கலாமேன்னு தோணும். அப்புறம் பார்த்தா 2014-ல் அவரே விஜய் பண்டிட் என்பவரோட சேர்ந்து இந்தியச் சதுரங்கத்தின் வரலாறு என்று, கி.பி. 570-லிருந்து 2010 வரைக்கும், தடிமனா ஒரு புத்தகம் போட்டிருக்கார். எண்பதை நெருங்குற வயசில்! கோபம் பாதி குறைஞ்சுது. மீதிப் பாதியை என்ன பண்றதுன்னு தெரியலை.

சித்தப்பா கடைசி வரைக்கும் மாறலை. நான் வேலைக்குப் போய், லீவுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் அவர் விதியிலதான் ஆடுவோம். ஒரு தடவை ஆரோன் கதையை, ஸ்டாக்ஹோம் உட்பட, முழுசாச் சொன்னேன். அமைதியாக் கேட்டுட்டு, "பர்மாவுல பொறந்த பிள்ளையா?" என்றார். ஆமாம் என்றேன். "கடைசியா வந்தும் மறுபடி மறுபடி ஆடிருக்காம்லா?" என்றார். அதுக்கும் ஆமாம் என்றேன். "நீ ஒரு தடவையோட வந்துட்ட" என்று சொல்லிட்டு, அவர் ராஜாவை எடுத்து குதிரை மாதிரி பாய வச்சார்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அக்கா பேரன், மூணாங்கிளாஸ், ஃபோனில் செஸ் ஆடிக்கிட்டிருந்தான். வாடா, அட்டையில ஆடுவோம்னு கூப்பிட்டு, பழைய ஞாபகத்தில், "ராஜா ஒரு தடவ பாயலாம் தெரியுமாலே?" என்றேன். சந்தேகமாப் பார்த்துட்டு ஃபோனை எடுத்து ராஜாவை இழுத்து இழுத்துப் பார்த்தான். "போகமாட்டேங்கு தாத்தா" என்றான். அட்டையில போகும் என்றேன். சரின்னு உக்காந்தான். பதினஞ்சாவது நகர்த்தல்ல அவன் ராஜா பாஞ்சு என் யானையை வெட்டிட்டுது.